குரலில் விழுந்த ஓட்டை

அத்தியாயம் ஐந்து

துப்பறியும் தொழிலில் நான் எட்டு வருடமாக இருக்கிறேன். இந்த எட்டு வருடத்தில் நானாகக் கண்டுபிடித்தவை மொத்தம் மூன்று. முதல் இரண்டும் என் சொந்த மூக்குக்கண்ணாடி. மூன்றாவதைத்தான் இந்த அத்தியாயத்தில் சொல்லப்போகிறேன். அதற்காக என்னை யாரும் பாராட்டவில்லை என்பதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது.

உண்மையில் துப்பறிகிறவர் என் அண்ணி. நான் அவருடைய உதவியாளன். பை தூக்குவது, கதவைத் தட்டுவது, தப்பான ஆளைச் சந்தேகப்படுவது ஆகியவை என் இலாகா. மூன்றாவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. ஒவ்வொரு வழக்கிலும் நான் யாரைச் சந்தேகப்படுகிறேன் என்று அண்ணி முதலில் கேட்டுக்கொள்வார். பிறகு அந்த ஆளை விட்டுவிட்டு மற்றவர்களை விசாரிப்பார். இதனால் எவ்வளவோ நேரம் மிச்சமாகிறது என்று அண்ணனிடம் சொல்லியிருக்கிறார். அண்ணன் அதை என்னிடம் பெருமையாக வந்து சொன்னார்.

இந்த வழக்கில் நான் சந்தேகப்பட்டது மாப்பிள்ளையை. பட்டறை முதலாளியின் மகளைக் கட்டியவர். கழுத்தில் எப்போதும் ஒரு ஹெட்ஃபோன், சட்டைப் பையில் மூன்று பேனா, முகத்தில் ஒரு சிரிப்பு. இவ்வளவு இருந்தால் போதாதா என்று கேட்டேன். போதும் என்று அண்ணி அவர் பெயரைப் பட்டியலில் அடித்துவிட்டார்.

அது ஸ்பீக்கர் செய்கிற பட்டறை. ஒவ்வொரு மரப்பெட்டியிலும் பெரிய ஸ்பீக்கர் ஒன்று, சின்ன ஸ்பீக்கர் ஒன்று. கனத்த சத்தம் பெரியதுக்கு, கீச்சுச் சத்தம் சின்னதுக்கு. வருகிற சத்தத்தைப் பிரித்து அவரவர் பங்கை அவரவருக்கு அனுப்ப நடுவில் ஒரு பலகை இருக்கும். கம்பிச் சுருளும் கெப்பாசிட்டரும் வைத்துச் செய்த அந்தப் பலகைக்கு ஃபில்டர் என்று பெயர். ஈயத்தை உருக்கி ஒட்டி அதைச் செய்து வயர்களைச் சொருகுகிற பெண்ணை எல்லோரும் சாலிடர் என்று கூப்பிட்டார்கள். பெட்டியின் பின்பலகையைத் திருகி மூடுகிறவருக்குத் திருப்புளி என்று பெயர். மூடிய பெட்டியை மாப்பிள்ளை மெஷினில் அளப்பார். கடைசியாக அது கேட்கும் அறைக்குப் போகும். அங்கே இருப்பவர் சாலிடரின் அக்கா. பட்டறையில் அவருக்குப் பெயர் காது.

காது தலையாட்டினால்தான் பெட்டி வெளியே போகும். ஒன்பது வருடமாக அப்படித்தான் நடந்தது. ஆனால் கடந்த இரண்டு மாதமாக அவர் ஒரு ஜோடிக்குக்கூடத் தலையாட்டவில்லை. பெண் குரல் வந்தால் நடுவில் ஒரு ஓட்டை விழுகிறது என்றார். மாப்பிள்ளை மறுபடி அளந்தார். பெரிய ஸ்பீக்கர் சரி, சின்ன ஸ்பீக்கர் சரி. அக்கா மறுபடி ஓட்டை என்றார். மெஷின் இருக்கும்போது காது எதற்கு என்றார் மாப்பிள்ளை. இருபத்தொரு ஜோடி, நாற்பத்திரண்டு பெட்டி, நடைபாதையில் மனிதன் நடக்க இடமில்லாமல் அடுக்கிக் கிடந்தது. அக்காவுக்குக் காது போய்விட்டது என்று முதலாளி முடிவு கட்டிவிட்டார். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் அவராகவே ராஜினாமா எழுதிக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் தான் எழுத வேண்டியிருக்கும் என்று சொல்லியிருந்தார். அந்த வாரம்தான் சாலிடர் எங்களைத் தேடி வந்தாள். அக்காவின் காது நன்றாகத்தான் இருக்கிறது, அதை நிரூபித்துக் கொடுங்கள் என்பது அவள் கோரிக்கை.

செவ்வாய்க்கிழமை முதன்முதலாகப் போனோம். இரண்டு மாதத்துக்கு முன்னால் என்னென்ன மாறியது என்று அண்ணி விசாரித்தார். பசை மாறியிருந்தது. மரம் வேறு கடையிலிருந்து வந்தது. மாப்பிள்ளையின் அளக்கும் மெஷின் வந்தது. திருப்புளி புதிதாக வேலையில் சேர்ந்தார். ஆக எல்லாமே மாறியிருந்தது, ஓட்டை எதிலிருந்தும் வந்திருக்கலாம். அண்ணி ஒவ்வொருவராகப் பேசி முடிக்கும்வரை என்னைக் கேட்கும் அறையில் உட்கார வைத்தார்கள். அங்கே மூத்த ஜோடி என்று இரண்டு பெட்டிகள் இருந்தன. ஒன்பது வருடத்துக்கு முன்னால் செய்தவை. புதிய பெட்டி எதுவானாலும் அக்கா அதை இவற்றோடுதான் ஒப்பிட்டுப் பார்ப்பார். நான் அவற்றோடு ஒரு மணி நேரம் தனியாக இருந்தேன். தபால் வழியில் ரேடியோ ரிப்பேர் படித்துச் சான்றிதழ் வாங்கியவன் என்ற முறையில் அந்த அறை எனக்குப் பிடித்திருந்தது.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குப் பரீட்சை. ஏற்பாடு அண்ணியுடையது. அறையின் குறுக்கே ஒரு போர்வையைக் கட்டி, அதற்குப் பின்னால் மூத்த ஜோடியையும் ஒரு புதிய ஜோடியையும் வைத்தோம். எது பேசுகிறது என்று அக்காவுக்குத் தெரியாது. மாப்பிள்ளை மாற்றி மாற்றிப் போடுவார். நாங்கள் ஏமாற்றினோம் என்று பின்னால் யாரும் சொல்லக்கூடாது என்பதற்காக அண்ணியே அவரைக் கேட்டுக்கொண்டார். பத்துத் தடவையில் எட்டுத் தடவை எது மூத்தது என்று சரியாகச் சொல்லிவிட்டால் அக்கா வேலையில் இருப்பார். சொல்லாவிட்டால் அங்கேயே எழுதிக் கொடுப்பார். முதலாளி ஒத்துக்கொண்டு ஒரு வெள்ளைத்தாளை முன்கூட்டியே கொண்டு வந்திருந்தார்.

அக்காவுக்கு நாற்பத்துமூன்று வயது இருக்கும். கைப்பிடி உடைந்த ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, முழங்காலில் கையை வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். பரீட்சைக்கு அவர் எப்போதும் ஒரே பதிவைத்தான் போடுவாராம். தங்கை சரக்குப் பட்டியல் வாசிக்கிற பதிவு. வீட்டில் தினமும் கேட்கிற குரல் என்பதால் அதில் ஒரு பொட்டுக் குறைந்தாலும் தெரிந்துவிடும் என்று அண்ணியிடம் சொல்லியிருந்தார்.

போர்வைக்குப் பின்னாலிருந்து சாலிடரின் குரல் வந்தது. "கெப்பாசிட்டர் நாலு. பெரிய சுருள் ரெண்டு. சின்ன சுருள் ரெண்டு. திருகாணி முப்பத்தாறு." மாப்பிள்ளை மாற்றிப் போட்டார். அதே குரல் மறுபடி அதே திருகாணிகளை எண்ணியது.

அக்கா கண்ணைத் திறக்காமல் இரண்டும் ஒன்றுதான் என்றார். இரண்டாவது தடவையும் அதையே சொன்னார். மூன்றாவது தடவை மாப்பிள்ளை தாளில் எழுதுவதை நிறுத்திவிட்டுப் போர்வையை விலக்கினார்.

"ரெண்டும் ஒண்ணுன்னா? ரெண்டும் நல்லா இருக்கா?"

"ரெண்டுலயும் ஓட்டை இருக்கு."

"மூத்த ஜோடிலயுமா?"

அக்கா தலையாட்டினார். மாப்பிள்ளை மாமனாரைப் பார்த்தார். மாமனார் தரையைப் பார்த்தார். ஒன்பது வருடமாக இதுதான் சரியான பெட்டி என்று அக்காவே சத்தியம் செய்த ஜோடி அது. அதிலும் ஓட்டை என்றால் ஓட்டை எங்கே இருக்கிறது என்று சொல்ல மெஷின் தேவையில்லை. நான்காவது தடவை போடுங்கள் என்று யாரும் கேட்கவில்லை.

அக்கா பேனா கேட்டார். மாப்பிள்ளையிடம் மூன்று இருந்தும் அவர் கொடுக்கவில்லை, முதலாளிதான் கொடுத்தார். எழுதப்போகிறவர் கொஞ்சம் நின்று, யாரையும் பார்க்காமல் பேசினார். "புதன்கிழமையே எனக்குத் தெரிஞ்சு போச்சு. காலைல வந்து மூத்த ஜோடியப் போட்டேன், அதுலயும் ஓட்டை. அது ஒன்பது வருஷமா மாறாத பெட்டி. அப்ப மாறினது நான்தானே. யார்கிட்டயும் சொல்லல."

தங்கை அழ ஆரம்பித்தாள். அக்கா தாளைத் தொடையில் வைத்துக்கொண்டு மேலே தேதி போட்டார். அண்ணி மாப்பிள்ளையிடம் போய், கேட்காமலே அவர் கழுத்திலிருந்த ஹெட்ஃபோனைக் கழற்றிப் பதிவோடு இணைத்தார். அதை அக்காவின் தலையில் தானே மாட்டிவிட்டார்.

"இதுல கேளுங்க. ஓட்டை இருக்கா?"

அக்கா கேட்டார். இரண்டு தடவை கேட்டார். "இல்ல," என்றார். அவருக்கே ஆச்சரியம்.

"காது போயிருந்தா இதுலயும் போயிருக்கணும். ஹெட்ஃபோன் போட்டா காது சரியாகி, கழட்டினா போயிடுமா?" என்றார் அண்ணி. "ஹெட்ஃபோன்ல காதுக்கு ஒரே ஒரு ஸ்பீக்கர்தான். பிரிக்கற வேலையே கிடையாது. பெட்டில ரெண்டு இருக்கு, நடுவுல ஃபில்டர் இருக்கு. கோளாறு பெட்டிலதான். செவ்வாய்க்கிழமை காலைல மூத்த ஜோடி எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு."

"செவ்வாய்க்கிழமைக்கும் புதன்கிழமைக்கும் நடுவுல அதை யார் தொட்டது?"

யாரும் தொடவில்லை என்றார் முதலாளி. அந்த ஜோடியைத் தொட அந்தப் பட்டறையில் யாருக்கும் அனுமதி கிடையாது. அப்போது எனக்குக் காதோரம் வியர்த்தது. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு விஷயம் அக்கா பேனா கேட்டபோதே புரிந்துவிட்டது. அதற்குப் பிறகு இரண்டு நிமிடம் நான் வாயைத் திறக்காமல் நின்றேன். அந்த இரண்டு நிமிடத்தில் நான் யோசித்தது என் மானத்தைப் பற்றி மட்டும்தான். ஒரு பெண் தன் வேலையை எழுதிக் கொடுத்துக்கொண்டிருக்கும்போது, இன்று பல்வலி என்று சொல்லி வெளியே போக முடியுமா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். என்னைப் பற்றி நான் தெரிந்துகொள்ள விரும்பாத பல விஷயங்களில் இது ஒன்று.

கையைத் தூக்கினேன். பள்ளிக்கூடத்தில்கூட அவ்வளவு உயரம் தூக்கியதில்லை.

"என்ன தம்பி?"

"மூத்த ஜோடிய நான் சரி பண்ணிட்டேன் அண்ணி."

"எதைச் சரி பண்ணீங்க?"

"உள்ள சின்ன ஸ்பீக்கர்ல சிவப்பு வயர் கறுப்பு முனையில சொருகி இருந்துச்சு. கறுப்பு வயர் சிவப்புல. ரெண்டு பெட்டிலயும் அப்படித்தான். அதான் மாத்திச் சொருகிட்டேன்."

நடந்தது இதுதான். செவ்வாய்க்கிழமை அந்த ஒரு மணி நேரத்தில் எனக்குச் சும்மா உட்கார முடியவில்லை. என்னிடம் மடக்குத் திருப்புளி ஒன்று எப்போதும் உண்டு. பின்பலகையைக் கழற்றிப் பார்த்தால் வயர் தலைகீழாக இருக்கிறது. ஒன்பது வருடத் தப்பு, ஒருத்தர் கண்ணிலும் படவில்லை, நான் வந்து ஐந்து நிமிடத்தில் பிடித்துவிட்டேன். அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை, அவ்வளவு பெருமை.

சாலிடர் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். அது தப்பு இல்லை, அப்படித்தான் சொருக வேண்டும் என்றாள். ஏன் என்று முதலாளிக்கும் சேர்த்து விளக்கினாள். ஒன்பது வருடம் முதலாளியாக இருந்தவருக்கும் அது தெரியாது என்பது எனக்கு லேசான ஆறுதல்.

"ஃபில்டர் சத்தத்தப் பிரிக்கறதோட விடாது. பிரிக்கும்போதே அலையக் கொஞ்சம் திருப்பியும் விட்ரும். சுருள் வழியா பெரிய ஸ்பீக்கருக்குப் போறது கால் சுத்து பிந்திப் போகும். கெப்பாசிட்டர் வழியா சின்னதுக்குப் போறது கால் சுத்து முந்திப் போகும். ரெண்டுக்கும் நடுவுல அரைச் சுத்து வித்தியாசம் வந்துடுது. பெரிசு முன்னால தள்ளற நேரம் பாத்து சின்னது பின்னால இழுக்கும். ரெண்டும் சேந்து பேசற இடம் ஒண்ணு இருக்கு, பொம்பள குரல் போற வழில. அந்த இடத்துல ஒண்ண ஒண்ணு அழிச்சுக்கும். அதுக்காகத்தான் சின்னதுக்கு வேணும்னே வயரத் தலைகீழாக் குடுக்கறது. அப்பதான் ரெண்டும் ஒரே பக்கம் தள்ளும்."

"ஃபேஸ்," என்றார் மாப்பிள்ளை மெல்ல, அந்தச் சுற்றுக் கணக்குக்குப் பெயர் அதுவாம். மூன்று பேனாவும் வாடிப்போன குரல்.

ஒரே கதவை ஒருத்தர் உள்ளேயிருந்தும் இன்னொருத்தர் வெளியேயிருந்தும் தள்ளுகிற கதை என்று அண்ணி எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். இரண்டு பேரும் பலசாலிகள்தான், கதவு மட்டும் நகராது. பிறகு மாப்பிள்ளையிடம் திரும்பி, இரண்டு ஸ்பீக்கரையும் சேர்த்துப் பேச வைத்து ஒரு தடவையாவது அளந்தாரா என்று கேட்டார். மாப்பிள்ளை அளந்ததில்லை. பெரியதை அளக்கும்போது சின்னதைக் கழற்றிவிடுவார், சின்னதை அளக்கும்போது பெரியதை. அப்போதுதான் கோடு சுத்தமாக வருமாம். மெஷின் மேல் எந்தத் தப்பும் இல்லை, கேட்ட கேள்விக்கு அது ஒழுங்காகப் பதில் சொல்லியிருக்கிறது. என்னையும் என் அண்ணனையும்கூடத் தனித்தனியாகப் பார்க்கிறவர்கள் நல்ல பிள்ளைகள் என்றுதான் சொல்வார்கள்.

மூத்த ஜோடியின் வயர்களை நானே பழையபடி மாற்றிச் சொருகினேன். எண்பது பேர் முன்னால் சொருகுவது போல இருந்தது, அறையில் இருந்தது என்னோடு சேர்த்து ஏழு பேர்தான். அக்கா மறுபடி கண்ணை மூடினார். முதல் தடவையே கை உயர்ந்தது, இதுதான் மூத்தது. இரண்டாவது, மூன்றாவது, ஏழாவது, பத்தாவது. மாப்பிள்ளை குழப்பிப் பார்க்க மூத்த ஜோடியையே தொடர்ந்து மூன்று தடவை முதலில் போட்டார். மூன்று தடவையும் முதலாவதுதான் என்று அக்கா சொன்னார். பத்துக்குப் பத்து.

பாதி எழுதின தாளை முதலாளி வாங்கிக் கிழித்தார். அது போதாதென்று நான்காக மடித்து மறுபடி கிழித்தார். ஆனால் அண்ணி உட்காரவில்லை. வரிசையில் கிடந்த புதிய பெட்டி ஒன்றைத் திறக்கச் சொன்னார். சின்ன ஸ்பீக்கரில் சிவப்பு வயர் சிவப்பு முனையில் அழகாக உட்கார்ந்திருந்தது.

"நான் இப்படிச் சொருகல," என்றாள் சாலிடர். "ஒரு பெட்டிகூட இப்படிச் சொருகல."

எல்லோரும் மாப்பிள்ளையைப் பார்த்தோம். நான் கொஞ்சம் அதிகமாகவே பார்த்தேன். மெஷின் வாங்கியவர், காது வேண்டாம் என்று சொன்னவர், பெட்டியைக் கழற்றி மாட்டுகிறவர். அண்ணி மட்டும் என்னைப் பார்த்தார்.

"தம்பி, செவ்வாய்க்கிழமை வயர மாத்தினீங்க. பெரிய கண்டுபிடிப்புன்னு நினைச்சீங்க. அப்புறம் ஏன் எங்கிட்டகூடச் சொல்லல?"

இதற்குப் பதில் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. "சொன்னா இதை வேலை செஞ்சவங்களுக்குத் திட்டு விழுமே அண்ணி. இந்தப் பொண்ணுதான் நம்மகிட்ட அழுதுக்கிட்டு வந்துச்சு. பாவம்னு விட்டுட்டேன்."

அண்ணிக்கு அதுதான் வேண்டியிருந்தது. மாப்பிள்ளை வயரைத் தலைகீழாகப் பார்த்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று முதலாளியிடம் கேட்டார். மூன்று கலரில் எழுதித் தன் மேசையில் வைத்திருப்பார் என்றார் முதலாளி. மாப்பிள்ளை மறுக்கவில்லை. அக்காவுக்குக் கெடுதல் செய்ய நினைக்கிறவன் நாற்பத்திரண்டு பெட்டியை மாற்ற மாட்டான், மூத்த ஜோடி இரண்டை மட்டும் மாற்றினால் போதும் என்றார் அண்ணி. இது விரோதத்தில் செய்தது இல்லை. சிவப்பு சிவப்பில் போக வேண்டும் என்கிற அளவுக்குத் தெரிந்த, அதற்கு மேல் தெரியாத ஒரு ஆள். தினமும் தப்பைப் பார்க்கிறார். சொன்னால் அந்தப் பெண் மாட்டிக்கொள்வாள். அதனால் தானே சரி பண்ணிவிட்டுப் பின்பலகையை மூடிவிடுகிறார்.

"எங்க தம்பி மாதிரியே ஒருத்தர் இங்க இருக்காரு," என்றார் அண்ணி. "அவ்வளவுதான்."

கதவருகே திருப்புளி நின்றிருந்தார். முப்பத்தெட்டு வயது மனிதர், காது வரைக்கும் சிவந்துபோயிருந்தார். கையில் இருந்த கருவியை எங்கே வைப்பது என்று தெரியாமல் பைக்குள் போட்டார், எடுத்தார், மறுபடி போட்டார். எனக்கு அவரைப் பார்க்கப் பார்க்க என் சொந்தக்காரர் மாதிரி இருந்தது.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே பார்த்தாராம். மறுநாளும் அப்படியே இருந்தது. ஒவ்வொரு பெட்டியிலும் ஒரே தப்பைச் செய்கிறாள், பாவம், யாரோ தப்பாகக் கற்றுக்கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்தாராம். மூடுவதற்கு முன்னால் மாற்றிச் சொருகிவிட்டு, இன்றைக்கும் அவளைக் காப்பாற்றிவிட்டோம் என்று நிம்மதியாக வீட்டுக்குப் போவாராம். இதைச் சொல்லும்போது அவர் சாலிடரைப் பார்க்கவில்லை. அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு மாசம். ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

"கேட்டா சங்கடப்படுவீங்கன்னு..."

"எங்க அக்கா ரெண்டு மாசமா தூங்கல," என்றாள் அவள்.

அவர் கையை மறுபடி பைக்குள் விட்டுக்கொண்டார். என்னாலும் அவருக்கு உதவ முடியவில்லை. அவர் அக்காவுக்குச் செய்தது இரண்டு மாதம், நான் செய்தது மூன்று நாள். ஆனால் அக்கா தன் காதையே நம்பாமல் போனது அந்த மூன்று நாளில்தான். எனக்கு நிஜமாகவே கஷ்டமாக இருந்தது. 

முதலாளி தொண்டையைச் செருமி, திங்கட்கிழமை முதல் எல்லாம் பழையபடி நடக்கட்டும் என்று அக்காவிடம் சொன்னார். அக்கா அதுவரை நாற்காலியிலேயே இருந்தார். இப்போது எழுந்தார். தான் இருப்பதா போவதா என்று இன்னும் சொல்லவில்லை என்றார். பிறகு திருப்புளியைக் கூப்பிட்டு அந்த நாற்காலியில் உட்காரச் சொன்னார்.

"என்ன பண்ணீங்கன்னு நீங்களே கேளுங்க."

அக்காவே மாற்றிப் போட்டார். மூத்த ஜோடி திருகாணி எண்ணியது. புதிய ஜோடி திருகாணி எண்ணியது. திருப்புளி கண்ணை இறுக்க மூடிக் கேட்டார். அவர் நெற்றியில் அவ்வளவு சுருக்கம். கடைசியில் கண்ணைத் திறந்து, இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கிறது என்று பரிதாபமாகச் சொன்னார்.

அக்கா மாப்பிள்ளையை உட்கார வைத்தார். அவர் ஒன்றுக்கு மூன்று தடவை கேட்டுவிட்டு, முதலாவதில் கொஞ்சம் சத்தம் கூட என்றார். முதலாவது புதிய ஜோடி. முதலாளி உட்கார்ந்தார், பாதியிலேயே எழுந்துவிட்டார், எனக்கு இதெல்லாம் பிடிபடாது அம்மா என்றார். நான் உட்கார்ந்தேன். தபால் வழிச் சான்றிதழை மனதில் நினைத்துக்கொண்டு முழு மூச்சாகக் கேட்டேன். நாலு கெப்பாசிட்டர், இரண்டு சுருள், அதற்கு மேல் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அண்ணிக்காவது கேட்கும் என்று நம்பினேன். அண்ணி பொய் சொல்லத் தெரியாதவர். தனக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று ஒத்துக்கொண்டு எழுந்தார்.

அந்த அறையில் ஏழு பேர் இருந்தோம். அதுவரை ஒருத்திக்குத்தான் கேட்டிருந்தது. கேட்காதவர்களாகச் சேர்ந்து, கேட்டவளைச் செவிடு என்று வீட்டுக்கு அனுப்பப் பார்த்தோம். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

அக்கா கடைசியாகத் தங்கையைக் கையைப் பிடித்து உட்கார வைத்தார். அவள் குரலே அவளிடம் இரண்டு தடவை பட்டியல் வாசித்தது.

"உனக்குத் தெரியுதுல்ல?"

தங்கை தலையைக் குனிந்துகொண்டாள். "இல்லக்கா. எனக்கு எப்பவும் தெரிஞ்சதில்ல. நீ கறுப்புல சொருகச் சொன்ன, சொருகினேன். ஏன்னு படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். கேட்டதில்ல."

அக்கா பதிவை நிறுத்தினார்.

"கேக்காமலா இவங்கள கூட்டிட்டு வந்த? முதலாளிகிட்ட சண்ட போட்ட?"

"நீ இருக்குன்னு சொன்னியே."

அக்கா தங்கையின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு சத்தமாக அழுதார். நாங்கள் ஐந்து பேரும் ஆளுக்கு ஒரு பக்கம் திரும்பி நின்றோம். அழுது முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, நாற்பத்திரண்டு பெட்டியையும் திங்கட்கிழமை காலை தான் வருவதற்குள் கழற்றி வைக்கச் சொன்னார். திருப்புளி பையிலிருந்து கையை எடுத்தார். நானும் வருகிறேன் என்றேன், எல்லோரும் ஒரே குரலில் வேண்டாம் என்றார்கள்.